சொந்த ஊருக்கு எதிராக ஊதிய சிவபாதத்தார்

வெங்காயப் பாத்திக்கு வாய்க்காலை வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோதுதான் போன் வந்தது. சிவபாதத்தாரின் மகன். "குலம் அண்ணை, ஐயா விடியப்புறம் மோசம் போயிட்டார்." எனக்கு அழுகை வரவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் குந்தினேன், அவ்வளவுதான். செத்தவீடு முடிந்த கிழமை மகன் நேரில் வந்து, முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் போட நாலு வரி கேட்டார். "ஐயாவின்ரை நேர்மையைப் பற்றி எழுதுங்கோ. உங்களைவிட ஆருக்குத் தெரியும்?" உண்மைதான். என்னைவிட ஒருவருக்கும் தெரியாது.

அவரை அறிந்தவர்களே, செத்தவீட்டில் நீங்கள் ஒலிவாங்கி பிடித்துப் பேசியதெல்லாம் கேட்டேன். நீதிதேவன் என்றீர்கள், தராசு என்றீர்கள். பகலில் தபாற்கந்தோரில் வேலை, பின்னேரங்களில் காற்பந்துப் போட்டிகளுக்கு நடுவர். சைக்கிளில் வருவார், ஒரு கழகத்திடமும் ஒரு சோடாகூட வாங்கிக் குடிக்கமாட்டார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் விளையாடினால் அந்தாளின் விசில் எங்களுக்கு எதிராகத்தான் ஊதும். சொந்த மருமகனையே ஒன்றுமில்லாத ஒரு இடிக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார். கேட்டால் ஒரே பதில்: "கள்ளன் எண்டு பேர் எடுக்கிறதைவிடக் குருடன் எண்டு பேர் எடுக்கலாம், தம்பி." நீங்கள் அதற்கும் கைதட்டினீர்கள்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருடம் அச்சுவேலிப் பக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியைச் சனம் இன்றும் கதைக்கும். எதிரே கரையோரத்து அணி. கோல் இல்லாமல் கடைசி நிமிடங்கள். வலது பக்கத்தால் வந்த பந்தை நெஞ்சில் வாங்கி இடக்காலால் அடித்தேன். வலை குலுங்கியது. பந்தைத் தந்த நேரம் எனக்கு முன்னால் எதிரணியில் கோலியோடு சேர்த்து மூன்று பேர் நின்றார்கள்; இரண்டு பேர் நின்றாலே ஓப்சைட் இல்லை. லைன்ஸ்மன் கொடியைத் தூக்கவேயில்லை. சிவபாதத்தார் ஊதினார். ஓப்சைட்! எதிரணிக்காரனே நம்பாமல் சிரித்தான். பெனால்ரியில் தோற்றோம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்தவர்கள் மற்றவர்களின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று தொடக்கம் நான் 'ஓப்சைட் குலம்'. என் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழன், "மணவறைக்கு முந்தி ஓடாதையடா, அந்தாள் ஊதிப்போடும்" என்றான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த சிவபாதத்தாரும் சிரித்தார். கோலைப் பறித்ததைக்கூட விடலாம், அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

போன வருடம் பிறசர் கிளினிக்கில் இருவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்து நம்பருக்குக் காத்திருந்தோம். நான் முகம் கொடுக்கவில்லை. அவராகத்தான் தொடங்கினார்.

"தம்பி, அது கோல்தான்."

"என்ன சொல்லுறியள்?"

"அப்பவே எனக்குத் தெரியும். குடுத்திருந்தால், தன்ரை ஊருக்கு ஊதிப்போட்டான் எண்டு சனம் கதைச்சிருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதை நாலு பேருக்கு முன்னாலை சொல்லுங்கோ."

"இனி என்னத்துக்கு? எல்லாரும் மறந்திட்டினம்."

"மறந்திட்டினமோ? ஊரிலை என்னை என்னெண்டு கூப்பிடினம்?"

அவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போய்விட்டார். ஒருவருக்கும் சொல்லாமலே செத்தும் போனார். கோதாரி, இதற்குப் பெயரா நேர்மை? சனத்தின் வாய்க்குப் பயந்த பயம். அதை நேர்மை என்று மாலை போட்டு வளர்த்தது நீங்கள்.

சரி, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் என் மகள் நிலாவின் பள்ளிக்கூட அணிக்கு மட்ச். லைன்ஸ்மன் வராததால் கொடியை என் கையில் தந்தார்கள். "தேப்பன்தானே கொடி பிடிக்கிறார், பாப்பம்" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. நிலா பந்தை வாங்கி ஓடிக் கோல் அடித்தாள். பந்து வந்த நேரம் அவளுக்கு முன்னால் எதிரணிப் பிள்ளைகள் நின்றதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். கண்டும் ஓப்சைட் என்று கொடியைத் தூக்கினேன். "நேர்மையான மனுசன்" என்றது அதே குரல். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மோட்டச்சைக்கிளில் வரும்போது பின்னாலிருந்து கேட்டாள், "அப்பா, உண்மையா நான் ஓப்சைட்டோ?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் விளையாட்டுச் சப்பாத்தைத் தொடவில்லை.

சிவபாதத்தார் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்தான். அவர் ஒருவரும் கேட்காத வாங்கில் இருந்து சொன்னார். நான் ஊர் முழுவதும் வாசிக்கும் கல்வெட்டில் எழுதுகிறேன். மகன் இந்தப் பகுதியை வெட்டினால் சந்தியில் நின்று கத்துவேன். நிலா, நீ ஓப்சைட் இல்லை. உன்ரை அப்பாதான் பயந்து கொடியைத் தூக்கினவர்.