குறை வேணும்னு வேண்டிக்கிட்ட கதை

பிள்ளைகளா, அந்த மாசம் அப்பா அம்மன் கோயிலுக்கு ரெண்டு தடவை போனது உங்களுக்குத் தெரியும். முதல்ல கேட்டதுக்கு நேர் எதிரா ரெண்டாவது தடவை கேட்டது தெரியாது.

உங்க அம்மாவுக்கு நுரையீரல்ல புற்றுநோய்னு கண்டுபிடிச்சு, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தாங்க. "செல்லு மேல இருக்கிற ஏற்பியில குறை இருக்கான்னு பார்க்கணும்"னு டாக்டரம்மா சொன்னாங்க. குறைங்கிற சொல்லே எனக்கு ஆகாது. தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில ஃபோர்மேன் வேலையாச்சே. ஆய்வுக்கு வந்த அதிகாரிக 'குறை ஏதும் இல்லை'ன்னு எழுதிட்டுப் போற வரைக்கும் சோறு இறங்காது. அந்தப் பழக்கத்துல நேராக் கோயிலுக்குப் போய், "தாயே, ஒரு குறையும் இருக்கக் கூடாது. மாவிளக்கு போடுறேன்"னு வேண்டிட்டு வந்துட்டேன்.

அடுத்த தடவை போனப்ப டாக்டரம்மா, "குறை இருந்தா நல்லது. அதுக்குன்னே மாத்திரை இருக்கு"ன்னாங்க. நான் முழிச்சதைப் பார்த்து, என்ன வேலைன்னு கேட்டுட்டு விளக்குனாங்க.

"ஏற்பியும் ஒரு ஃபோர்மேன்தான். வெளிய இருந்து 'வளரு'ன்னு ஆர்டர் வந்தா, வாங்கி உள்ள சத்தம் கொடுக்கும். செல்லு ரெண்டாகும். குறை உள்ள ஏற்பி ஆர்டரே வராமக் கத்திக்கிட்டே இருக்கும். செல்லுக பெருகிக்கிட்டே போகும். மாத்திரை அது வாயை அடைக்கும். கத்தாத ஃபோர்மேன் வாயை அடைச்சு என்ன பிரயோசனம்?"

உங்க அம்மா இருமலுக்கு நடுவுல, "டாக்டரம்மா, வீட்டுக்கும் ஒண்ணு எழுதுங்க. இவுகளும் ஆர்டர் இல்லாமத்தான் கத்துவாக"ன்னா.

பஸ்ஸுல வரும்போது, "கோயில்ல என்ன வேண்டுனீக?"ன்னு கேட்டா. சொன்னேன்.

"அடப் பாவி மனுசா! இறங்குனதும் ஓடிப்போய் மாத்திக் கேளுங்க. அம்மன் அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுறப் போறா!"

போனேன். "தாயே, போன தடவை கேட்டது ரத்து. இந்த ஒரு குறை மட்டும் இருக்கட்டும்." சத்தமாச் சொல்லிட்டேன் போல.

"யாருக்குய்யா குறை கேக்குற?"ன்னார் பூசாரி.

"எம் பொண்டாட்டிக்கு."

திருநீற்றுத் தட்டோட ரெண்டு எட்டு பின்னால போயிட்டார்.

சோதனை முடிவு வாங்க ரெண்டு பேரும் போனோம். டாக்டரம்மா தாளைப் பார்த்துத் தலையாட்டுனாங்க. நான் வெளிய ஓடி வந்து, "குறை இருக்கு! இருக்கு!"ன்னு கத்திட்டேன். வரிசையில இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடிச்சு, "மனசை விட்றாதய்யா"ன்னாங்க. உள்ள உங்க அம்மா டாக்டரம்மா பக்கம் திரும்பி, "பார்த்தீகளா? வீட்டுலயும் இப்படித்தான்"னா.

மாத்திரை ஆரம்பிச்சதும் மூஞ்சியெல்லாம் பரு. வயசுப்பிள்ளை மாதிரி இருக்கேன்னு அதுக்கும் சிரிச்சா. இருமல் குறைஞ்சிருக்கு. முழுசாப் போயிருச்சுன்னு யாரும் சொல்லல. அப்பப்பப் படம் எடுத்துப் பார்க்கணும்.

வேண்டுதலைச் செலுத்துன அன்னிக்கு ஏன் ரெண்டு மாவிளக்குன்னு நீங்க கேட்டீங்க. பதிலுக்குக் காத்திருக்காமத் தின்னும் முடிச்சீங்க. மாவிளக்குக்கு மாவு பிசையும்போதே உங்க அம்மாகிட்ட நானும் அதைத்தான் கேட்டிருந்தேன்: "முதல்ல கேட்டதைத்தான் கொடுக்கலையே?"

உங்க அம்மா வெல்லத்தை இடிச்சுக்கிட்டே சொன்னா: "கொடுத்ததுக்கு ஒண்ணு. நீங்க கேட்டதைக் கொடுக்காம விட்டதுக்கு ஒண்ணு."