மாமா வாங்கிவந்த கத்தரிக்காய்

யுத்தம் எங்கள் வீட்டுக்கு மரவள்ளித் தடியாகத்தான் வந்து சேர்ந்தது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போன காலம். பர்மா அரிசி நின்றுவிட்டது. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி கிழமை முடியுமுன்பே தீர்ந்துவிடும். வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். பின்வளவு என்று சொல்லிக்கொண்ட இடம் இரண்டு கட்டில் போடும் அளவுதான். அம்மா அங்கே நின்ற ரோசாச் செடிகளைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்.

அதோடு அம்மாவின் ஆட்சி ஆரம்பமானது. அரிசி கழுவிய தண்ணீர் பயிற்றங்கொடிக்குப் போனது. தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளை ஒன்றாக அழுத்திப் புதுச் சவர்க்காரம் ஆக்கினார். குளிக்கிற தண்ணீர் வீணாகக்கூடாது என்று, தன் புருசனான எங்கள் ஐயாவை வாழைக்குப் பக்கத்தில் நின்று குளிக்கச் சொன்னார். அரசாங்கத்தில் கிளாக்கராக இருக்கிற ஒரு மனிதன் வாழை மரத்தோடு குளிக்க வேண்டியிருக்கிறதே என்று ஐயா முணுமுணுத்துக்கொண்டே குளிப்பார். குலை தள்ளியபோது மட்டும் அது தன்னால் என்று எல்லோருக்கும் சொன்னார்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக்காரருக்குப் புறக்கோட்டையில் புடைவைக் கடை. அம்மா அவரை நானா என்றும் அவருடைய மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த குட்டை மதிலுக்கு மேலால் ஒரு பீங்கான் கோப்பை போய்வந்துகொண்டிருக்கும். எங்களுடைய முருங்கையிலை அந்தப் பக்கம் போனால், அவர்களுடைய தேங்காய்ப் பாதி இந்தப் பக்கம் வரும். கோப்பையை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது இரண்டு வீட்டிலும் மரியாதை இல்லை. கொடுக்க ஒன்றும் இல்லாத நாளில் அம்மா நாலு கறிவேப்பிலையாவது போட்டு அனுப்புவார்.

இவ்வளவு சிக்கனத்திலும் அம்மாவை வென்ற ஒருவர் வீட்டில் இருந்தார் என்றால் அது மாமாதான். அம்மாவின் ஒரே தம்பி. கோட்டையில் ஒரு கம்பனியில் உத்தியோகம் என்று ஊரிலிருந்து வந்து, எங்கள் முன்னறையில் தங்கியிருந்தார். காலையில் குடையும் சாப்பாட்டுப் பார்சலுமாகப் போவார். பின்னேரம் வரும்போது கையில் ஒரு பை தொங்கும். கீரை, பாகற்காய், கத்தரிக்காய் என்று நாளுக்கொன்று. விலை கேட்டால் நம்ப முடியாத ஒரு விலை சொல்வார். அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மதிலடிக்குப் போவார். தன் தம்பிக்கு வாங்கத் தெரிந்தது போல் கொழும்பில் ஒருவனுக்கும் வாங்கத் தெரியாது என்று ராத்தாவுக்கும், ராத்தா கேட்காத நாளில் ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் சொல்வார். ஐயா சந்தைக்குப் போய் வந்தால் வீட்டில் ஒரே அர்ச்சனை. பாவம், அவர் சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

மாமாவின் காற்சட்டை முழங்காலில் அடிக்கடி மண் இருந்தது. கம்பனிக் கந்தோரில் பதுங்குகுழி வெட்டுகிறார்கள் என்று மாமா சொன்னார். கொழும்பு முழுக்க அப்போது குழி வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் மாதக்கணக்காக வெட்டுகிறார்களே, இந்நேரம் அது கண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே என்று ஐயா ஒருநாள் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சொன்னார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும். மாமா இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு, குண்டு போட வருகிறவனுக்கு வெளிச்சம் தெரியாதிருக்கச் செய்யும் இருட்டடிப்புக்காக ராத்தா வீட்டு ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்துக் கொடுக்கப் போனார். திரும்பி வந்து சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, ராத்தா தந்த இஞ்சித் தேத்தண்ணியில் மூக்கை அடைத்திருந்த தடிமன் பறந்துவிட்டது என்றார்.

அம்மாவின் கையிலிருந்த சுளகு விழுந்தது.

மரவள்ளி சாப்பிட்ட வயிற்றில் இஞ்சி பட்டால் ஆள் தப்பாது. கொழும்பில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரு பேச்சுக்கும் இடமில்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் அது. அப்படிச் செத்த ஒருவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செத்தவர் மட்டும் எப்போதும் வேறு ஊர்க்காரராக இருந்தார். எங்கள் வீட்டில் மரவள்ளி அவிகிற நாளில் இஞ்சியைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பார்கள். மாமாவுக்கும் இது தெரியும். தேத்தண்ணியின் மணத்தில் மறந்துபோனார்.

அம்மா போட்ட சத்தத்தில் ஒழுங்கையே கூடிவிட்டது. சாப்பிட்டதைக் கக்கவைக்க உப்புக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். சத்தி வரவில்லை. புளி கரைத்துக் கொடுத்தார்கள். ராத்தா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் கையாலேயே ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டேனே என்று வாசற்படியில் இருந்து அழுதார். நானா எதிர்வீட்டுக்கு ஓடினார். அங்கே உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய ஒரு சிங்கள அப்போதிக்கரி இருந்தார். மருந்து கலக்கிக் கொடுத்தே தலை நரைத்தவர். அவர் வீட்டில் உடுத்திருந்த சாரத்தோடேயே வந்து மாமாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மற்றக் கையால் ஐயாவைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தான், எனக்கு வேலை இல்லை. குண்டு போட்ட கையோடை கம்பனியைப் பூட்டிப்போட்டாங்கள். நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

பிறகு எல்லாம் வந்தது. ஹெவ்லொக் டவுனில் ஒரு பெரிய பங்களா. குண்டுக்குப் பயந்து சொந்தக்காரர் குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் போய்விட்டார். மாமா அந்த வீட்டுக் காவற்காரனோடு பேசி, பாதி விளைச்சலை அவனுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, பின்வளவைக் கொத்தித் தோட்டம் போட்டிருந்தார். கீரையும் பாகற்காயும் அங்கேயிருந்துதான். கந்தோரும் இல்லை, குழியும் இல்லை. ஊரில் அவருக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் உத்தியோகம் என்ற ஒரு சொல்லில்தான் அது நின்றது.

"ஊரிலை சொல்லிப்போடாதேங்கோ, அத்தான். வேலை இல்லாதவன் எண்டு அங்கை போய் நிக்க என்னாலை ஏலாது."

சாகப்போகிறவர் ஏன் ஊருக்குப் போவதைப் பற்றி யோசிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா எழுந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அப்போதிக்கரி கையை விடாமல் நெடுநேரம் இருந்தார். கடைசியில், "பய வெண்ட எப்பா, மல்லி" என்றார். பயப்படாதே தம்பி என்று அர்த்தம். இஞ்சி கொல்வதென்றால் இந்நேரம் கொன்றிருக்கும் என்று ஐயாவுக்கும் சொல்லிவிட்டு, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு போனார்.

மாமா பிழைத்துவிட்டார். அதுதான் இப்போது பெரிய சங்கடம். செத்திருந்தால் எல்லோரும் நல்ல பிள்ளை என்று சொல்லி அழுதிருப்பார்கள். உயிரோடிருந்தபடியால் அவர் முன்னறையில் தன் தகரப் பெட்டிக்குள் சட்டைகளை மடித்து வைக்கத் தொடங்கினார். மறுநாள் யாழ்ப்பாண மெயிலில் போவதாக ஐயாவிடம் சொன்னார். இருந்தால் இருக்கலாமே என்று ஐயா சொல்லிப் பார்த்தார். அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. தம்பிக்கு வேலை போனதைவிட, தான் மதிலடியில் நின்று ஊரெல்லாம் பெருமையடித்ததுதான் அவரைக் கொன்றுகொண்டிருந்தது. தெருவே கேட்டு நின்ற இடத்தில் அல்லவா எல்லாம் வெளிவந்தது. அன்று பொழுதுபட அம்மா பின்வளவுக்கே போகவில்லை. பயிற்றங்கொடி வாடிக் கிடந்தது. அம்மாவை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மதிலுக்கு மேலால் கோப்பை வந்தது. உள்ளே சீனி போட்ட தேங்காய்ப்பூ. அம்மா வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பப் போனார். ராத்தா விடவில்லை.

"தங்கச்சி, ஒங்கட தம்பிக்கிட்ட சொல்லி எங்களுக்கும் கொஞ்சம் கத்தரிக்கா வாங்கித் தரச் சொல்லுங்களேன். நானா மார்க்கட்டுக்குப் போனா அவங்க சொல்ற வெலயக் குடுத்திட்டு வந்திடுறாரு. ஒங்கட தம்பிதான் மலிவா வாங்குற ஆள்."

அம்மா கோப்பையைப் பிடித்தபடி நின்றார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சொல்லிப் பாக்கிறன், ராத்தா. அவருக்குக் கந்தோரிலை இப்ப வேலை கூட."

உள்ளே போய், மாமாவின் பெட்டியைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிக் குடையோடு கையில் கொடுத்தார். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா வேறெங்கோ பார்த்தார். அவர் ஒழுங்கையில் இறங்கியபோது அப்போதிக்கரி கேற்றடியில் நின்று, கந்தோருக்கா என்று கேட்டார். தனக்கும் கீரை கிடைத்தால் நல்லது என்றார். மாமா தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தார்.

அவர் கந்தோருக்குப் போகவில்லை, தோட்டத்துக்குத்தான் போகிறார் என்று நான் உரக்கச் சொன்னேன். பொய் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே ஐயாதான். அந்த ஐயாவே என் தலையில் குட்டினார்.

அதற்குப் பிறகு ஒழுங்கையில் பாதி வீடுகள் மாமாவிடம் சொல்லித்தான் மரக்கறி வாங்கின. மாமா பெரிய பையோடு வருவார். சனங்கள் காசைக் கொடுத்துவிட்டு, என்ன மலிவு, என்ன மலிவு என்று வியந்துகொண்டு போவார்கள். தகரப் பெட்டி கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது.

ஒருநாள் பந்து எடுக்க ராத்தா வீட்டுப் பின்பக்கம் போனேன். அங்கே மண்ணெண்ணெய்த் தகரங்களில் வரிசையாகக் கத்தரிச் செடிகள் நின்றன. பறிக்க ஆளில்லாமல் காய்கள் முற்றி மஞ்சளாகத் தொங்கின. ஓடிவந்து அம்மாவிடம், ராத்தாவிடமே இவ்வளவு கத்தரிக்காய் இருக்கிறதே, பிறகேன் காசு கொடுத்து மாமாவிடம் வாங்குகிறார் என்று கேட்டேன். மாமா வாங்கிவருகிற கத்தரிக்காய்தான் ராத்தாவுக்கு ருசி என்றார் அம்மா. அடுப்புப் புகையிலோ என்னவோ, அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. ராத்தா வீட்டுக் காயில் பிஞ்சாக ஒன்றையும், மாமாவின் பையிலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொண்டு வாழையடிக்குப் போய் இரண்டையும் பச்சையாகக் கடித்துப் பார்த்தேன். ஒரே கசப்பு. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இந்த ஒழுங்கையில் பெரியவர்கள் ஒருவருக்கும் கத்தரிக்காய் வாங்கத் தெரியாது என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.