முட்டைப் பந்து

மைசூர் அக்ரஹாரம் பகுதிச் செருப்புக்கடையில் என் பழைய செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவினார்கள். தோலும் எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் நினைவில் சிறுவயதுக்குத் திரும்பி எங்கள் பழைய வீட்டு நடையில் போய் நின்றேன்.

சுதந்திரம் வந்த புதிது. மிஷன் பள்ளியில் படித்து வெளியேறியவர்கள், அப்பாவும் சேர்த்து, ஒரு கிளப் வைத்திருந்தார்கள். அங்கே ஆடியது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பள்ளி மாஸ்டர் கற்றுக்கொடுத்த ஆட்டம். பந்து முட்டை வடிவம். மைசூரில் வேறு யாருக்கும் அது தெரியாது. சனிக்கிழமைதோறும் அப்பாதான் நடையில் உட்கார்ந்து பந்துக்கு எண்ணெய் போடுவார். உள்ளே காற்றடைக்கும் ரப்பர் பையான பிளாடரை மாற்றுவது மட்டும் மாஸ்டர். அதை யாரையும் தொட விடமாட்டார்.

மாஸ்டர் ஊர் திரும்புமுன் நடந்த கடைசி ஆட்டத்தன்று காலையில் பிளாடர் வெடித்துக் கந்தலானது. முட்டை பிளாடருக்கு எங்கே போவது? அப்பா சாதாரண ஃபுட்பால் பிளாடரைத் திணித்து, பந்தை நீட்டி நீட்டி அழுத்தினார்.

"மாஸ்டர் கண்டுபிடிச்சிட்டா மானமே போச்சு, மேரி" என்றார் அம்மாவிடம்.

மைதானத்தில் மாஸ்டர் அப்பாவிடம் பந்தை வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

"ரவுண்டு பிளாடரா?"

"ஆமா சார். வேற கெடைக்கல."

மாஸ்டர் அப்பாவின் காதருகே குனிந்தார். அப்பாவின் கையைப் பிடித்திருந்த எனக்கும் கேட்டது.

"எனக்கும் இங்க ஒருநாளும் கெடைச்சதில்ல. மத்தவங்ககிட்ட சொல்லிடாத."

பந்திலிருந்து காற்று இறங்குவதுபோல் அப்பா நீளமாக மூச்சு விட்டார்.

"போதுமாம்மா?" என்று கடைக்காரர் செருப்பைக் காட்டினார்.

இன்னும் கொஞ்சம் தடவச் சொன்னேன்.