விண்டோஸா, டாஸா, திருநீறா?

புரோகிராம் எழுதுவது பெரிய காரியமில்லை. எதில் எழுதுவது என்று முடிவு செய்வதற்குள்தான் தலை நரைத்துவிடும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கறுப்புத் திரை

தொண்ணூறுகளின் பின்பாதி. பேட்டையில் ஒரு பட்டறை மாடியில் நானும் கூட்டாளி சங்கரனும் ஒற்றைக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தோம். திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருந்த அண்ணாச்சி, எந்த ரூம் காலி என்று காட்டும் புரோகிராம் கேட்டார். எங்கள் முதல் ஆர்டர். இது கைநழுவினால் சென்னைக்கு ரயிலேறிவிடுவதாகச் சங்கரன் சொல்லிவிட்டான். அவன் போனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி.

டாஸில் எழுதிக் காட்டினோம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அண்ணாச்சி முகம் சுண்டிவிட்டது.

"என்னவே இது, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மாதிரி இருக்கு? கலரா ஒண்ணும் கெடையாதா?"

மூலையில் அம்பு

கலர் என்றால் விண்டோஸ்தான் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். டாஸ் செத்துவிட்டது என்றார் ஒருவர். விண்டோஸை இந்த மெஷின் தாங்காது என்றார் இன்னொருவர். குழம்பிக் குழம்பியே இரண்டு மாதம் எழுதினோம். ரூம்களெல்லாம் பச்சை, சிவப்புக் கட்டங்கள். மவுஸால் அமுக்கினால் போதும். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

சஷ்டிக் கூட்டத்தில் லாட்ஜ் மேனேஜர் சுடலையிடமிருந்து போன். கோயிலிலிருந்து வருகிறவர்கள் நீட்டும் திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு, அதே கையால் மவுஸைப் பிடித்திருக்கிறார். அந்தக் கால மவுஸுக்குள்ளே உருளும் உருண்டை திருநீறு அப்பி நின்றுவிட்டது.

"தம்பி, அம்பு மூலையில போயி ஒண்டிக்கிட்டு, நவுரவே மாட்டேங்கு. மூணு குடும்பம் எதுத்த லாட்ஜுக்குப் போயிட்டாவ. சாமி துன்னூறை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

ஒரே வரி

சங்கரன் பெட்டி கட்டிவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் பழைய டாஸ் புரோகிராமையே எடுத்தேன். கீபோர்டில் சாவியைத் தட்டினால் போதும், மவுஸே வேண்டாம். அண்ணாச்சிக்குப் பயந்து, திரை நீலம், எழுத்து மஞ்சள் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். சுடலை திருநீற்றுக் கையோடு தட்டினார். ஓடியது. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"இதத்தானவே நான் மொதல்லயே கேட்டேன்! ரெண்டு மாசமா என்னவே பண்ணுனீய?"

சங்கரன் ரயிலேறவில்லை. எதில் எழுதலாம் என்று இன்றைக்கும் யாராவது எங்களைக் கேட்டால், முதலில் வாடிக்கையாளரின் வலது கையைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறோம்.