நூல் இருக்கும் இடம்

மயிலாள் கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டைத் துணி வெளியே போனதாக வேலம்பாளையத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள். எண்ணெய்க் கறையோ தையல் பிசகோ கண்ணில் பட்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, குறையைச் சரிசெய்யும் ஆல்டருக்குத் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். பஞ்சுத் தூசி மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்டாள். பிளஸ் டூ படித்த புண்ணியத்தில், 2005இல், மண்ணரையில் கம்பெனிகளிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான மையத்தில் டீச்சரானாள்.

பாடம் நடத்த வருமா என்று அவளுக்கே சந்தேகம். ஆனால் தப்புப் பிடிக்க வரும். ஆகவே நோட்டிலும் அம்பு ஸ்டிக்கர் ஏறியது. றகரம் ரகரமானால் ஒன்று, ஒற்று விட்டால் ஒன்று. ரிஜெக்ட் இல்லை, ஆல்டர்தான் என்று கம்பெனிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரிந்தது. சிரித்துக்கொண்டே திருத்தினார்கள்.

அவர்களில் ஒருத்தி நதியா. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த காசிமாயனின் மகள், பன்னிரண்டு வயது. இரண்டாம் வகுப்போடு நின்று, டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனவள். வருஷக் கடைசி வாசிப்புச் சோதனையில் தேறினால் ஆறாம் வகுப்பு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி கம்பெனி.

"ஒரு வருசம் பொறுத்துட்டேன் டீச்சர். வாசிக்க வரலைன்னா எங்கூட அனுப்பிருங்க" என்று காசிமாயன் பட்டென்று சொல்லியிருந்தார். சொன்ன சொல் மாறாத மனிதர். அதுதான் மயிலாளுக்குப் பயமாக இருந்தது.

சோதிக்க வந்தவர் லிங்கசாமி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நதியா தடங்கலில்லாமல் வாசித்தாள். 'வள்ளி நூலகத்துக்குச் சென்றாள். அங்கே அமைதியாக இருந்தாள். திரும்பும்போது தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்து வந்தாள்.'

மயிலாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"வள்ளி எதுக்குக் கண்ணு அமைதியா இருந்தா?" என்று கேட்டார் லிங்கசாமி.

"பேசுனா சூப்பர்வைசர் வைவாரு சார்."

"என்ன எடுத்துட்டு வந்தா?"

"நூல் சுத்துன கோனு. நூல் குடோன்ல வேற என்ன சார் இருக்கும்?"

லிங்கசாமி பேனாவை மூடினார். "எழுத்து வருதுங்க டீச்சர். அர்த்தம் வரலீங்களே. இன்னொரு வருசம் படிக்கட்டுங்க."

அந்த இன்னொரு வருஷம் கிடையாது என்று அவருக்குத் தெரியாது. வாசலில் காசிமாயன் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அதிகாரிகள் முன்னால் மயிலாளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு வெட்கமும் சேர்ந்துகொண்டது. இருபது தடவை இதே பாடத்தைத் திருப்பியிருக்கிறாள். ஒற்றைப் பார்த்தாள், உச்சரிப்பைப் பார்த்தாள். நூலகம் என்றால் என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"தப்பு என்னுதுங்க சார்" என்றாள். "எழுத்தை மட்டுந்தானுங்க செக் பண்ணினேன். ஆனா பாருங்க, யாரும் சொல்லித் தராமயே நூலைத் தனியா, அகத்தைத் தனியாப் பிரிச்சிருக்கா. பிரித்து எழுதுகன்னு கேட்டிருந்தீங்கன்னா முழு மார்க்குங்க. அர்த்தம் வராம இல்லீங்க. அவளுக்குத் தெரிஞ்ச நூல் அதுதானுங்க."

லிங்கசாமி மூடிய பேனாவை மறுபடி திறந்தார். பிறகு பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். சந்தையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்ட கதை. நதியா வாசித்தாள். கேட்ட நான்கு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, "வானம் இருட்டுனதப் பாத்தும் அந்தத் தக்காளிக்காரம்மா ஏன் சார் தார்ப்பாய் விரிக்கல?" என்று அவளே ஒன்று கேட்டாள்.

"அது எனக்கும் தெரியலீங்க கண்ணு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் லிங்கசாமி. காசிமாயன் அந்தத் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, படிக்கட்டும்" என்றார்.

சனிக்கிழமை மயிலாள் நதியாவைக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப் போனாள். பலகையில் இருந்ததை நதியா எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். படியேறியதும் இருவருக்கும் கால் தயங்கியது.

"நீங்க முன்னாடி வந்திருக்கீங்களா டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம். மயிலாளுக்கு மனசு வரவில்லை.

"இல்ல கண்ணு. நானும் இன்னிக்குத்தான்."

நதியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே போனாள்.