கிராணி வீட்டு நாற்காலி

செய்தித்தாள் மையின் வாசனை மூக்கில் பட்டால் இன்றும் என் கெண்டைக்கால் பிசுபிசுக்கும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் துப்புரவுத் தொழிலாளர் "லைன்" வீடுகள் முழுவதற்கும் ஒரே டிவி, அதுவும் "கிராணி" வீட்டில். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற குமாஸ்தாவை அப்படித்தான் அழைப்போம். மாலையில் குளித்த ஈரத்தோடு ஓடுவோம். கிராணியம்மா கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, "அதுல உக்காருங்க, தரையில படாதீங்க" என்பார். எழுத்தெல்லாம் காலில் ஒட்டிக்கொள்ளும். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். என் படிப்பில் பாதி அப்படிக் காலில் ஏறியதுதான். நாங்கள் போனதும் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டுத் தரையைக் கழுவுவார். சாக்கடை அள்ளுகிறவர்களின் பிள்ளைகள் அல்லவா!

அந்த ஆண்டு, உரிமைக்காகப் போராடிய கறுப்பினத் தலைவர் ஒருவரின் வாழ்க்கையை வாரம் ஒரு பகுதியாக நாடகமாகக் காட்டினார்கள். ஆங்கிலம் தெரியாத எங்களுக்குக் கிராணியாரே தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். வெள்ளைக்காரர் மட்டும் சாப்பிடும் கடையில் அந்தத் தலைவருடைய ஆட்கள் போய் உட்கார்ந்தார்கள்; தலையில் சர்க்கரையைக் கொட்டியும் எழுந்திருக்கவில்லை. கிராணியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம் லா, மனுசனை மனுசன் இப்படியா நடத்துறது?"

பக்கத்தில் பிரம்பு நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. பத்து வயதுக்காரி நான் ஏறி உட்கார்ந்தேன்.

"அடியே, எறங்கு! அது யாரு உக்கார்ற எடம்?" என்றார் கிராணியம்மா.

"அவங்க எந்திரிக்கலையே. நான் மட்டும் எதுக்கு எந்திரிக்கணும்?"

கிராணியார் டிவியை அணைத்தார். இருண்ட திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, என் இஷ்டத்துக்குத்தான் எழுந்து வந்தேன். வெளியே பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். "பெரிய தலைவி இவ! ஒன்னால படம் போச்சு!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்கு ஒங்கப்பாவுக்கு வேலை இருக்குமாடி?"

அப்பா நிதானமாகக் கேட்டார். "பேரைக் கடைசியா கூப்பிடுவாரு, அவ்வளவுதானே? நிக்கிறேன் லா. அவங்க எறங்கச் சொன்னதும் எறங்கினியா?"

"இல்லப்பா."

"அப்ப புள்ளைக்குச் சோறு போடு" என்றார் அம்மாவிடம்.

சொன்னபடியே நடந்தது. பல மாதங்கள் அவர் பேர்தான் கடைசி. நாற்றமெடுத்த சாக்கடையெல்லாம் அவருக்கே. மன்னிப்புக் கேள் என்று ஒரு நாளும் அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

இன்று அந்த லைன் இல்லை, கிராணி இல்லை, அப்பாவும் இல்லை. சாங்கி சரக்கு முனையத்துக்கு என் லாரிகள் எட்டு ஓடுகின்றன. யாரும் தூக்கிவிட்டு வந்தவள் இல்லை நான். பாசிர் ரிஸ் வீட்டுக்கு வரும் என் ஓட்டுநர்கள் அழுக்குச் சட்டையோடு சோபாவில்தான் உட்கார வேண்டும், தயங்கினால் திட்டுவேன்.

போன வாரம் பேத்தி அந்த நாடகத்தைக் கைப்பேசியில் தேடிப் பிடித்தாள். "லாஸ்ட் எபிசோட் பாக்கலாமா பாட்டி?"

வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியில் அந்தத் தலைவரைச் சுட்டுக் கொன்றதாக எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் பார்த்தவரை அவருடைய ஆட்கள் அந்தக் கடையில் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.