பஸ்மியா திருப்பி எழுதிய ஒன்பது பெயர்கள்

பஸ்மியாவுக்கு முப்பத்தெட்டு வயது. கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டித் தினமும் திருகோணமலைக்கு வேலைக்கு வருகிறவள். துறைமுகத்தை ஒட்டி, கடற்றொழிலாளர் விவரங்களைப் பதிந்து வைக்கும் அலுவலகம் ஒன்றில் கணினிகளைக் கவனிப்பது அவள் பொறுப்பு. பதினாலு வருடத்தில் அவள் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அங்கே பதிகிற எதுவும் அங்கே தங்குவதில்லை. கொழும்பில் உள்ள பெரிய மெயின்ஃப்ரேம் கணினியின் தரவுத்தளத்துக்குப் போய்விடும். அதனோடு தொடர்பு கொள்ளும் ஒவ்வொரு கணினியிலும், எந்த எழுத்துக் குறியீட்டில் பேசப் போகிறோம் என்று முதலிலேயே குறித்து வைக்க வேண்டும். செட்டிங் பக்கத்தில் அது ஒரேயொரு வரிதான். அந்த வரி ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதாக இருந்துவிட்டால், தமிழ் எழுத்தும் சிங்கள எழுத்தும் போகிற வழியிலேயே கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

நவம்பரில் ஐந்து புதிய கணினிகள் வந்தன. நாலில் அந்த வரியை மாற்றினாள். ஐந்தாவதான முன்மேசைக் கணினியில் கை வைத்த நேரம் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது வேறு வேலை வந்துவிட, அதையும் முடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டாள்.

அதே வாரம் கடலில் பெருங்காற்று. மூன்று படகுகள் கரை திரும்பவில்லை. ஒன்பது பேர். அவர்களின் வீட்டார் அடுத்தடுத்து முன்மேசைக்கு வந்து நின்றார்கள். காகிதப் படிவங்களை நிறுத்தியிருந்த காலம் அது. காணாமற்போனவர்களின் விவரங்களை எழுதுவினைஞர் தவராசா அவர்கள் சொல்லச் சொல்லக் கணினியிலேயே பதிந்தார். முதல் பதிவு முடிந்ததும் அவர் உள்ளே வந்தார்.

"பிள்ளை, பெயரைப் பதிஞ்சுபோட்டுத் திருப்பி எடுத்தா முழுக்கக் கேள்விக்குறியாக் காட்டுது."

பஸ்மியா பிரிண்டரைக் கழற்றி வைத்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "அது திரையில காட்டுற பிழை அண்ணன். உள்ளுக்குச் சரியாத்தான் இருக்கும். நீங்க பதியுங்க, பிறகு பாக்கிறன்."

மூன்றாம் நாள்தான் பார்த்தாள். வேறு கணினியில் திறந்தாலும் அதே கேள்விக்குறிகள். பிழை திரையில் இல்லை. முன்மேசைக் கணினியில் அந்த ஒரு வரி மாறாமலே கிடந்ததால், கேள்விக்குறிகளே தரவுத்தளத்துக்குள் போய்ப் பதிந்திருந்தன. உடனே வரியை மாற்றினாள். அந்த நாட்களில் தவராசா திருத்திய பழைய பதிவுகளைக் கொழும்பு தன்னிடமிருந்த பிரதியிலிருந்து மீட்டுக் கொடுத்தது. அதற்கு முன் பதிவே இல்லாத அந்த ஒன்பது பேருக்குப் பிரதி ஏது? எண்கள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன: அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம்.

"பதிஞ்சது நான்தானே," என்றார் தவராசா. "என்ட கைப்பிழை எண்டு எழுதுவம். எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் சேவை."

"நீங்க வந்து கேட்டனீங்க. பதியச் சொன்னது நான்," என்று சொல்லி, அறிக்கையைத் தன் கையெழுத்திலேயே எழுதி அனுப்பினாள்.

போனில் கேட்டு எழுதினால் போதும் என்றது கொழும்பு. அவளுக்கு மனம் வரவில்லை. நேரே போய்ப் பிழையை ஒப்புக்கொள்வதுதான் மரியாதை என்று நினைத்தாள். முதலில் போனது கிண்ணியாவில், ஊரில் விசாரித்துக் கண்டுபிடித்த முனீப் என்பவரின் வீட்டுக்கு. கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைக் கண்டதும் அவர் மனைவி ரபீக்கா குசினியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"ஆளைக் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று பஸ்மியா நினைத்தே பார்க்கவில்லை.

"இல்ல ராத்தா. செய்தி ஒண்டும் இல்ல. நீங்க தந்த பெயர் எங்கட கணினியில அழிஞ்சிட்டு. என்ட பிழைதான். திருப்பி எழுதிக்கொண்டு போக வந்தனான்."

ரபீக்கா கதிரையில் உட்கார்ந்தாள்.

"அண்டைக்கு அந்த ஐயாக்கிட்ட ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக் குடுத்தன். இன்னொருக்காச் சொல்ல எனக்கு ஏலாது."

எழுந்து அலுமாரியைத் திறந்து மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்து, தகப்பன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். பஸ்மியா பார்த்து எழுதினாள். வாசல் வரை வந்த ரபீக்கா சொன்னாள்: "மத்த வீடுகளுக்குப் போக முந்தி போன் எடுத்துச் சொல்லிட்டுப் போங்க, தங்கச்சி. நான் ஓடி வந்த மாதிரி அவங்களும் ஓடி வரப்படாது."

அப்படியே செய்தாள். 'செய்தி ஒன்றும் இல்லை, பெயர் எழுத மட்டும் வருகிறேன்' என்று எட்டு வீட்டுக்கும் முன்கூட்டியே சொன்னாள். வெருகலில் ஒரு தகப்பன் பேனாவை வாங்கி, மகனின் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஒரு வீட்டில் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை. வேலியருகே நின்று எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஒன்பது பெயர்களையும் பதிந்தாள். ஒவ்வொன்றையும் தவராசா வேறொரு கணினியில் எடுத்து உரக்க வாசித்தார். இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து பஸ்மியாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாசித்துவிட்டுத் தன் கோப்பில் தானே சேர்த்து வைத்தாள்.

ஒன்பது பேரில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ரபீக்கா அலுவலகத்துக்கு வருவாள். அவள் தலை தெரிந்ததும் பஸ்மியா உள்ளேயிருந்து எழுந்து வந்து, முன்மேசையில் தானே உட்கார்ந்து பதிவைத் திறந்து பார்ப்பாள்.

"இன்னும் ஒண்டும் வரல்ல ராத்தா. இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."